குறைந்த சம்பளத்தில் குடியிருக்க வீடு: தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் 12,000, 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு முதல் செலவே வீட்டு வாடகைதான். காய்கறியைக் குறைத்து வாங்கலாம், துணிமணியைத் தள்ளிப்போடலாம். ஐந்தாம் தேதி வீட்டு ஓனர் கதவைத் தட்டும்போது அப்படிச் சமாளிக்க முடியாது. கட்டட வேலை, தையல் கம்பெனி, செக்யூரிட்டி, ஓட்டல், வீட்டு வேலை, டெலிவரி என்று எந்த வேலையில் இருந்தாலும் இந்தத் தவிப்பு ஒன்றுதான்.

வாடகை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் இன்னொன்று இருக்கிறது. ரசீது இல்லாத அட்வான்ஸ், ஓனர் சொல்கிற கரண்ட் ரேட்டு, வாய்ப்பேச்சில் கொடுத்த போக்கியப் பணம், அரசு வாரிய வீடு வாங்கித் தருகிறேன் என்றவரிடம் கொடுத்த லட்சம். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒரே விஷயம்: கையில் காகிதம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிப்பவர் தொழிலாளியாக இல்லாமல், அவர்கள் வீட்டுப் பிள்ளையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் கூட உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள்.

படி 1: வீடு தேடும் முன் கணக்கு

வாடகையை மட்டும் வைத்து வீட்டை ஒப்பிடக் கூடாது. வாடகை, வேலைக்குப் போய்வரும் செலவு, கரண்ட், தண்ணீர் நான்கையும் கூட்டி ஒரே தொகையாகப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புறநகரில் வீடு 4,500 ரூபாய். கணவருக்குப் பஸ், ஷேர் ஆட்டோ சேர்த்து நாளைக்கு 80 ரூபாய். 26 நாளுக்கு 2,080. மனைவிக்குச் சாதாரண கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் உண்டு, ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து வேலை இடத்துக்கு ஷேர் ஆட்டோ நாளைக்கு 40 என்றால் 1,040. மொத்தம் 7,620. வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் 6,500 ரூபாய்க்கு வீடு கிடைத்தால் அதுதான் மலிவு. கூடவே தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம். ஓவர்டைம் பார்க்கவோ, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருக்கவோ அந்த நேரம் பயன்படும்.

வேலை கிடைக்காத மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றுபோகும். ஆர்டர் இல்லாவிட்டால் தையல் கம்பெனியில் ஷிப்ட் குறையும். நல்ல மாதத்துச் சம்பளத்தை வைத்து வாடகை முடிவு செய்தால் மோசமான மாதத்தில் கடன்தான். வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் வருமானத்தை வைத்து யோசியுங்கள்.

படி 2: தேடுவது

முதலில் வேலை இடத்தில் சொல்லி வையுங்கள். கூட வேலை செய்பவர், மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் போடும் பையன் ஆகியோருக்குத் தெரியாமல் ஒரு தெருவில் வீடு காலியாகாது. டூ-லெட் போர்டு பார்த்து நேரில் போய்க் கேட்பது அடுத்தது. புரோக்கர் கடைசி, ஒரு மாத வாடகை கமிஷனாகப் போய்விடும். புரோக்கரிடம் போனாலும் வீடு முடிந்து, சாவி கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். வீடு காட்டுவதற்கே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு, அதை மூடிமறைக்க எனக்கு விருப்பமில்லை. “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி இன்றைக்கும் கேட்கப்படுகிறது. முஸ்லிம் குடும்பம், தலித் குடும்பம், கணவர் இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கும் பெண், வடமாநிலத் தொழிலாளி, திருநங்கை என்று பலருக்கும் கையில் பணம் இருந்தும் வீடு மறுக்கப்படுகிறது. இது அநியாயம். தனியார் வீட்டு ஓனரை இதற்காக நேரடியாகக் கட்டுப்படுத்தும் வலுவான சட்டம் இல்லாததால் ஒவ்வொரு மறுப்பையும் வழக்காக்க முடியாது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லி பொது இடத்தில் இழிவுபடுத்தினால் அது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், புகார் கொடுக்கலாம். நடைமுறையில், ஏற்கெனவே உங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் அவர்கள் மூலமாகவே கேட்பது அலைச்சலைக் குறைக்கும். தொழிற்சங்கமோ மகளிர் குழுவோ இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்துங்கள்.

படி 3: வீட்டைப் பார்க்கும்போது

பகலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போங்கள். பகலில் ஷீட் வீட்டின் சூடு தெரியும். சாயங்காலம் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது, பொதுக் கழிப்பறைக்கு எத்தனை குடும்பம் நிற்கிறது, ராத்திரி வேலை முடிந்து பெண்கள் திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்பது தெரியும். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக் கோடு இருந்தால் மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்த வீடு. ஓனரிடம் கேட்பதைவிடப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது கரண்ட். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் குறைவாகப் பயன்படுத்துபவருக்குக் கட்டணம் குறைவு, அளவு ஏற ஏற ரேட்டும் ஏறும். வீட்டுக்குத் தனி இ.பி. கார்டு இருந்து, நீங்கள் இரண்டு மாதத்தில் 150 யூனிட் எரித்தால் 50 யூனிட்டுக்கு மட்டும்தான் பணம், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே வீட்டில் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கேட்டால் 1,350 ரூபாய். ஒரே இணைப்பில் நான்கைந்து குடித்தனம் இருந்தால் மொத்த யூனிட் உயர்ந்து மேல் ரேட்டுக்குப் போகிறது, அந்தச் சுமையையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். சின்ன அறையில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் போடுகிற குடும்பம் பெரிய பங்களாவின் ரேட்டில் பணம் கட்டுவது இப்படித்தான்.

ஆகவே முதல் கேள்வி: “தனி கார்டு இருக்குதா?” இருந்தால் கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, பில்லை நீங்களே நேரடியாகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, குடிபோகும் நாளில் சப் மீட்டர் எண்ணை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் தனி கார்டு உள்ள வீடே பல நேரம் லாபம்.

படி 4: அட்வான்ஸ்

சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. “ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை” என்ற அந்த ஒரு வரி பெரிய ஓட்டை. அதனால்தான் இன்னமும் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். இருந்தாலும் மூன்று மாதம் என்பது பேரம் பேச நல்ல பிடி. “சட்டத்துல மூணு மாசம்தானே இருக்குது, அண்ணே” என்று தன்மையாகச் சொல்லித் தொடங்குங்கள். முழுத் தொகை முடியாவிட்டால் பாதியை இப்போதும் மீதியை மூன்று நான்கு தவணையிலும் தருகிறேன் என்று கேட்கலாம். காலி வீட்டைப் பூட்டி வைத்திருப்பதைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்ளும் ஓனர்கள் உண்டு.

அட்வான்ஸுக்காகக் கந்துவட்டிக்கோ மீட்டர் வட்டிக்கோ போகவே வேண்டாம். அட்வான்ஸ் பணம் வருடக்கணக்கில் ஓனரிடம் முடங்கிக் கிடக்கும், வட்டி மட்டும் உங்கள் கையிலிருந்து வாராவாரம் போய்க்கொண்டிருக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், கூட்டுறவு வங்கி, வேலை இடத்தில் சம்பள முன்பணம் என்ற வரிசையில் முயன்று பாருங்கள். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டி வசூலித்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தொகை, தேதி, வீட்டு முகவரி, ஓனர் கையெழுத்து நான்கும் உள்ள ரசீது வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் பரவாயில்லை.

படி 5: ஒப்பந்தமும் பதிவும்

பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 2017-ம் ஆண்டுச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. கலெக்டர் ஆபீஸிலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ விசாரித்தால் உங்கள் பகுதிக்கு யார் என்று சொல்வார்கள். பதிவுக்குத் தமிழக அரசின் இணையதளமும் இருக்கிறது, இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம்.

வீட்டு வரி, வருமான வரி பயத்தில் ஓனர்கள் பலர் இதற்கு வர மாட்டார்கள். அவர் வராவிட்டாலும் வாடகைதாரர் தன் பக்கத்து விவரங்களைத் தனியாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டம் ஏற்கிறது என்பதால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். குறைந்தபட்சம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதியாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

அதில் வாடகை, அட்வான்ஸ் தொகை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு வாடகை உயரும், கரண்ட் ரேட்டு, தண்ணீர்க் காசு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் ஆகியவை இருக்கிறதா பாருங்கள். “காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்” என்ற வரியைக் கண்டால் அடிக்கச் சொல்லுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனரின் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுக் கைப்பிடி போன்ற சில்லறைப் பழுதுகள்தான் குடியிருப்பவருடையவை. ஆனால் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எழுதியதுதான் நிற்கும்.

படி 6: போக்கியம், லீஸ் என்றால் இன்னும் பத்து மடங்கு கவனம்

இரண்டு மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பது பலருக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்காக நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்து, மொத்தத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு. மோசடி மூன்று விதமாக நடக்கிறது. ஓனர் ஏற்கெனவே வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருப்பார். வங்கி ஏலத்துக்கு வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அல்லது இடையில் இருப்பவர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, தானே ஓனர் போல உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார். அல்லது காலம் முடிந்ததும், “அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தாத்தான் உங்களுக்குத் தர முடியும்” என்று இழுத்தடிப்பார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியவை: பத்திரத்திலும் வீட்டு வரி ரசீதிலும் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்த நபரின் ஆதாரோடு ஒப்பிடுங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொத்தின் சர்வே எண்ணோ பத்திர எண்ணோ போதும். அதில் அடமானம் இருந்தால் விலகிவிடுங்கள். அடமானம் பதிவாகாமல், வங்கியில் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கவும் வாய்ப்பு இருப்பதால் அசல் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையான சுவாதீனப் போக்கியம், அதாவது வீட்டை உங்கள் கையில் ஒப்படைத்துப் போடும் போக்கியம், சட்டப்படி ஓர் அடமானம். சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குச் செலவாகும், ஓனரும் முகம் சுளிப்பார். மூன்று லட்சம் கொடுக்கும் இடத்தில் அந்தச் செலவு வீணில்லை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்குவது பதிவு ஆகாது. பதிவுக்கு ஓனர் மறுத்தால், மாத வாடகைக்கே இருங்கள்.

படி 7: குடியிருக்கும் காலத்தில்

வாடகையை முடிந்தவரை யுபிஐயில் அனுப்பி, குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். ரொக்கம் என்றால் ரசீது கேட்பது உங்கள் உரிமை. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மாதமும் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குவதும் போதும்.

ஓனர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, “பாக்கி வெச்சுட்டாங்க” என்று காலி செய்ய வைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அப்போது இரண்டு மாதம் மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்தலாம்.

உண்மையாகவே பாக்கி விழுந்துவிட்டால் பேசாமல் ஒளிய வேண்டாம். இரண்டு மாதப் பாக்கி காலி செய்யக் கேட்பதற்கான காரணம்தான். ஆனால் நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் காப்பாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பு இல்லை அது. எப்படியிருந்தாலும் ஆள் வைத்துச் சாமானை வெளியே தூக்கி வைக்கவோ, பூட்டுப் போடவோ ஓனருக்கு உரிமை இல்லை. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்திக் குடைச்சல் கொடுப்பதும் சட்டவிரோதம். அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும். வீட்டுக்குள் வருவதானாலும் ஓனர் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே வக்கீல் இலவசம்.

படி 8: முகவரி மாறினால்

ரேஷனுக்காகச் சொந்த ஊருக்குப் போய்வர வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கார்டு இருந்தால் மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் உண்டு. கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லாதவர்கள் 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம்.

படி 9: கம்பெனி தங்குமிடமும் விடுதியும்

கம்பெனியே அறை கொடுக்கும்போது வாடகைத் தொல்லை இல்லை, ஆனால் வேலை போன அன்றே வீடும் போகும். சம்பளத்தில் அறைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைச் சம்பளச் சீட்டில் காட்டச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது. இப்படிப்பட்டவை இன்னும் பல தொழிற்பேட்டைகளுக்குத் தேவை. வேலைக்காகத் தனியாக வரும் பெண்கள் அரசின் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

படி 10: சொந்தமாக ஒரு கூரை

1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் பெயர் மாறியதுதான் இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் எங்கும் சொந்த கான்கிரீட் வீடு இல்லாதவர்கள் அதன் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பயனாளி பங்குத்தொகை இடத்துக்கு இடம் மாறும். அதை வாரியத்தின் பெயரில் வங்கி வழியாக மட்டுமே கட்ட வேண்டும். தனிநபர் கணக்குக்கோ கையிலோ பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். எம்.எல்.ஏ. சிபாரிசு, ஆபீஸில் ஆள் இருக்கிறார் என்றெல்லாம் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கி ஏமாற்றிய வழக்குகள் நிறைய.

வீடு ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளும் முன் படி 1 கணக்கை மறுபடி போடுங்கள். சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கான்கிரீட் வீடு கிடைத்தது. வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை வீடு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பள்ளி ஆண்டின் நடுவில் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் படிப்பில் தவித்தார்கள். வாய்ப்புக் கொடுத்தால் பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நகர்ப்புறத்தில் பட்டாவோடு மனை இருந்தால், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் (2024 செப்டம்பர் முதல்) சொந்தமாகக் கட்ட மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2.5 லட்சம் வரை தருகின்றன. கடன் வாங்கி வீடு வாங்குபவர்களுக்குத் தனியாக வட்டி மானியமும் உண்டு, அதிகபட்சம் 1.80 லட்சம். கிராமத்தில் குடிசையில் இருப்பவர்களுக்காகக் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம். மனையே இல்லாதவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கட்டடத் தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், சொந்த மனையில் வீடு கட்டவோ வாழ்விட வாரியத்தின் வீடு பெறவோ 4 லட்சம் வரை உதவி கேட்க முடியும். இதற்குப் பதிவு செய்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், புதுப்பித்தலும் விடுபடக் கூடாது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரியும் சித்தாளும் தங்களுக்கென்று வரும்போது “கார்டு ரினியூவல் பண்ணலியே” என்ற ஒரே காரணத்தால் தொகையை இழக்கிறார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழிலாளர் அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போய் கார்டின் தேதியைப் பாருங்கள்.